ஒரே மேசையில் இரண்டு பேனா: சார்லஸ் லாமும் மேரி லாமும்



ஆங்கில எழுத்தாளர்களில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை கொடுத்துவிட்டார்கள். ஷேக்ஸ்பியர், மில்டன், டிக்கன்ஸ் போன்ற பெரிய தலைகளைப் பேச ஆள் கிடைக்கும். நான் ஒரு குமாஸ்தாவையும் தையல் வேலை செய்து பிழைத்த ஒரு பெண்ணையும் எடுத்துக்கொண்டேன். குமாஸ்தா சார்லஸ் லாம். தையல் வேலை செய்தவர் அவருடைய அக்கா மேரி லாம்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் எதிரில் இருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் 'நான்-டீடெய்ல்' என்று ஒரு மெல்லிய புத்தகம் கொடுப்பார்களே, அதில் வெனிஸ் வணிகனோ லியர் அரசனோ உரைநடைக் கதையாக வந்திருக்கும். பெரும்பாலும் அது லாம் வீட்டுச் சரக்கு. நமக்கு முதலில் ஷேக்ஸ்பியரைக் காட்டியவர் லாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எந்த லாம் என்று கேட்பதில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களை லாம்கள் கதையாக்கிய தொகுப்பில் மொத்தம் 20 கதைகள். அவற்றில் 14 மேரி எழுதியவை.

சார்லஸ் லாமைப் பற்றிப் பழகிப்போன ஒரு சித்திரம் உண்டு. மனநோய் கண்ட அக்காவுக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்நாளையே கொடுத்த தம்பி, சிரிப்பும் கண்ணீரும் கலந்த கட்டுரைகளை எழுதியவர் என்று. இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் இந்தச் சித்திரத்தில் மேரிக்குச் சுமையாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு எழுத்தாளர்கள். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தார்கள். அப்படிப் பார்த்தால்தான் சார்லஸின் எழுத்தும் நமக்குப் பிடிபடும் என்பது என் கட்சி.

லண்டனில் இன்னர் டெம்பிள் என்று வழக்கறிஞர்களின் வளாகம் ஒன்று உண்டு. அங்கே சாமுவேல் சால்ட் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராகவும் பணியாளாகவும் இருந்தவர் இவர்களுடைய அப்பா. மேரி 1764 டிசம்பரில் பிறந்தார், சார்லஸ் 1775 பிப்ரவரியில். பத்து வயது வித்தியாசம். இருவருக்கும் மூத்தவர் ஓர் அண்ணன், ஜான். அக்கா தம்பியைத் தூக்கி வளர்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சால்ட் வீட்டில் நல்ல நூலகம் இருந்தது. மேரிக்குப் பெரிய பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. அந்தப் புத்தக அலமாரிகள்தான் பள்ளிக்கூடம். சார்லஸ் ஏழு வயதில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலுக்குப் போனார். பெயரைக் கேட்டு மருத்துவமனை என்று நினைத்துவிட வேண்டாம், ஏழைப் பிள்ளைகளுக்கான புகழ்பெற்ற பள்ளி அது. அங்கே கிடைத்த நண்பர்தான் கவிஞர் கோல்ரிட்ஜ். கோல்ரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சார்லஸுக்குத் திக்குவாய். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பையன்கள் பெரும்பாலும் பாதிரியாராக வரவேண்டியவர்கள். திக்கிப் பேசுகிறவருக்குப் பிரசங்க மேடை எதற்கு? 14 வயதில் படிப்பு நின்றது.

1792 ஏப்ரலில் லெடன்ஹால் தெருவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் சேர்ந்தார். அந்த மாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டுப் பாதி ராஜ்யத்தைக் கொடுத்தார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போயின. செய்தி கப்பலேறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இந்தப் பதினேழு வயதுப் பையன் தேயிலை, அவுரி, துணி ஏலக் கணக்குகளைப் பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருந்திருப்பான். 33 வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய கட்டுரைகளில் இந்தியா ஏறக்குறைய இல்லவே இல்லை. அவுரி அவருக்கு ஒரு தொகை, ஓர் ஏல நாள், அவ்வளவுதான். அதைப் பயிரிட்டவன் யார் என்று அவர் யோசித்ததற்கு எழுத்தில் தடயம் கிடையாது. லாமை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் இதைச் சொல்லாமல் போவது சரியாகாது. 'என் உண்மையான படைப்புகள் லெடன்ஹால் தெரு அலமாரியில் பெரிய பெரிய பேரேடுகளாக இருக்கின்றன' என்ற பொருளில் அவரே பின்னாளில் கேலியாக எழுதினார். கேலிதான். அந்தப் பேரேடுகளில் நம்மவர் உழைப்பும் இருந்தது என்பது அந்தக் கேலிக்குள் வரவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். சால்ட் இறந்தபின் டெம்பிளை விட்டுக் குடும்பம் வெளியேறியது. ஹோல்போர்ன் பக்கம் லிட்டில் குவீன் தெருவில் வாடகை வீடு. அப்பாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்திருந்தது. அம்மாவுக்குக் கைகால் விளங்கவில்லை. வயதான அத்தை ஒருத்தி. மேரி பகல் முழுக்க உடை தைத்துச் சம்பாதித்தார். வேலை பழக ஒரு சிறுமியும் உடனிருந்தாள். ராத்திரி அம்மாவுக்குப் பணிவிடை. அம்மாவுக்கோ செல்லப் பிள்ளை மூத்தவன் ஜான்தான். மேரியின் அன்பை அவர் கடைசிவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சார்லஸ் பின்னால் ஒரு கடிதத்தில் வருந்துகிறார். மனக்கோளாறு குடும்பத்திலேயே இருந்தது. 1795 கடைசியில் சார்லஸே ஹாக்ஸ்டனில் ஒரு மனநல விடுதியில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தவர்.

1796 செப்டம்பர் 22. சில நாட்களாகவே மேரியின் போக்கு சரியில்லை. அன்று காலையில் சார்லஸ் டாக்டரைத் தேடிப் போனார், டாக்டர் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தட்டும் கத்தியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம். மேரி மேசைக் கத்தியை எடுத்துக்கொண்டு அந்த வேலை பழகும் சிறுமியை அறை முழுக்கத் துரத்தினார். அம்மா தடுத்துக் குரல் கொடுத்தார். கத்தி அம்மா மேல் பாய்ந்தது. அப்பாவின் நெற்றியிலும் காயம். சார்லஸ் வந்து சேர்ந்தபோது அக்கா கையிலிருந்து கத்தியைப் பிடுங்க மட்டுமே நேரம் இருந்தது. தம்பிக்கு 21 வயது, அக்காவுக்கு 31.

மரண விசாரணை நடுவர்கள், சித்தம் கலங்கிய நிலையில் நடந்தது என்று முடிவு சொன்னார்கள். மேரி இஸ்லிங்டனில் ஒரு தனியார் விடுதியில் சேர்க்கப்பட்டார். அந்தக் காலத்துச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. பொறுப்பேற்க ஆள் இருந்தால் இப்படிப்பட்டவரைக் குடும்பத்திடமே விட்டுவிடலாம். நாலு வருஷம் கழித்து, 1800-ல், ட்ரூரி லேன் நாடக அரங்கில் ஹாட்ஃபீல்டு என்பவன் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் குறிவைத்துச் சுட்டான், அவனுக்கும் மனநோய். அதையொட்டிப் புதுச் சட்டம் வந்தது: குற்றம் செய்த மனநோயாளியை அரசர் விருப்பப்படும் காலம்வரை அடைத்தே வைக்க வேண்டும். மேரியின் கை நாலு வருஷம் தாமதித்திருந்தால் நாம் படித்த அந்தக் கதைகள் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அந்த நாட்களில் சார்லஸ் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் ஒன்று தெரியும். துக்கத்தின் நடுவிலும் கணக்குப் பிள்ளை விழித்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்துக்கு வருஷத்துக்கு வருவது 170, 180 பவுண்ட். அதில் மேரிக்காக 50, 60 ஒதுக்கலாம். மிச்சத்தில் அப்பாவும் நானும் ஒரு வேலைக்காரியும் வாழமுடியாவிட்டால் நாங்கள் எதற்கு மனிதர்கள் என்கிற தொனி. அக்காவைப் பொது மருத்துவமனைக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதுதான் அத்தனை கூட்டல் கழித்தலுக்கும் காரணம். அண்ணன் ஜான் அவ்வளவு தூரம் தலையைக் கொடுக்கத் தயாராக இல்லை.

அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் வருகிறது. சம்பவம் நடந்து ஓரிரு நாளில் வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பிட்ட நாக்கு இறைச்சி சமைக்கிறார்கள். சில வாரம் முன்பு தம்பிக்காக மேரி வாங்கி ஊறப்போட்டு வைத்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்த சார்லஸுக்குத் தொண்டையில் இறங்கவில்லை: அவள் எனக்காக வாங்கியது, அவள் இங்கே இல்லை, நான் இதைச் சாப்பிடலாமா? பிறகு யோசிக்கிறார். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும், எந்தப் பொருளைத் தொட்டாலும் இதே கேள்வி வரும். இதற்கு இடம்கொடுத்தால் எழுந்திருக்கவே முடியாது. சாப்பிடுகிறார். சார்லஸ் லாமின் எழுத்து முழுவதற்கும் விதை இந்த இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பெரிய துயரத்தை அவர் நேராகத் தொடுவதே இல்லை. ஒரு தட்டு, ஒரு பீங்கான் கோப்பை, பழைய புத்தகம் ஒன்று என்று பொருளைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

1799-ல் அப்பா இறந்தார். வாழ்நாள் முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டு மேரியை வீட்டுக்கு அழைத்துவந்தார் தம்பி. அதன்பின் 35 வருஷம். நோய் வருஷத்துக்கு ஒரு முறையாவது தலைகாட்டும். முன்கூட்டியே அறிகுறி தெரியும்: தூக்கம் போகும், பேச்சு கூடும். அக்காவும் தம்பியும் கையைக் கோத்துக்கொண்டு அழுதபடி வயல்வெளி வழியாக ஹாக்ஸ்டன் விடுதிக்கு நடந்துபோனதை நண்பர் சார்லஸ் லாயிட் வழியில் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போனால் பெட்டியில் கைகட்டும் சட்டையும் கூடவே போகும். எடுத்து வைப்பது மேரிதான்.

நோய் இல்லாத மாதங்களும் இருந்தன, அவைதான் அதிகம். அந்த மாதங்களில் வீட்டை நடத்தியது யார் என்று பாருங்கள். தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டு, கொஞ்சமாக அல்ல. வாரம் ஒருமுறை ராத்திரி அவர்கள் வீட்டில் சீட்டாட்டமும் பேச்சும் நடக்கும். கட்டுரையாளர் ஹாஸ்லிட் வருவார், லண்டனுக்கு வந்தால் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வருவார், கோல்ரிட்ஜ் வந்தால் வேறு யாருக்கும் வாய் திறக்க இடமிருக்காது. குளிர்ந்த மாட்டிறைச்சி, பீர், மூக்குப்பொடி. இந்தச் சபைக்குத் தலைவி மேரி. பெண்களைப் பற்றி நல்ல வார்த்தை அபூர்வமாகச் சொல்கிற ஹாஸ்லிட், தான் கண்டதில் முழுக்க அறிவார்த்தமான பெண் மேரி லாம் ஒருவர்தான் என்று சொல்வாராம். பைத்தியம் என்று உலகம் முத்திரை குத்திய ஒருவரைப் பற்றி!

1806-ல் தத்துவ ஆசிரியர் வில்லியம் காட்வினும் அவர் மனைவியும் சிறுவர் புத்தகக் கடை நடத்திவந்தார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிள்ளைகளுக்குக் கதையாக எழுதித் தரச் சொன்னார்கள். இன்பியல் நாடகங்களும் காதல் கதைகளும் மேரிக்கு, துன்பியல் ஆறும் சார்லஸுக்கு. அந்த வேலை நடந்த விதத்தை மேரி ஒரு தோழிக்கு எழுதியிருக்கிறார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறோம். நான் பொடி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் 'ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை' என்று முனகிக்கொண்டே இருக்கிறான். எழுதி முடித்தபிறகுதான் ஏதோ வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது என்கிறார். மேரிக்கும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. எத்தனை நாடகத்தில்தான் பெண்ணுக்கு ஆண் வேஷம் போட்டு அனுப்புவது, இந்த ஷேக்ஸ்பியருக்குக் கற்பனை வறட்சியோ என்று அவர் அலுத்துக்கொண்டதைச் சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிச் சிரிக்கிறார். கதையைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தவருக்கு மட்டுமே வரக்கூடிய அலுப்பு அது. பேராசிரியர்களுக்கு வராது.

புத்தகம் 1807-ல் வந்தது. அட்டையில் சார்லஸ் லாம் என்று ஒரே பெயர். நண்பர்களிடம் எது யாருடையது என்று சார்லஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்; ஊருக்கு முன்னால் மேரியின் பெயர் வரவில்லை. பெயரைப் போட்டால் பழைய செய்தி கிளம்பும் என்ற பயம் இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். முன்னுரையின் பெரும்பகுதியும் மேரி எழுதியதே. அதில் ஒன்று சொல்கிறார்: இந்தக் கதைகள் முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு. ஆண் பிள்ளைகளை அப்பாவின் நூலகத்தில் சீக்கிரமே நுழையவிடுகிறார்கள், பெண்களுக்கு அந்த அனுமதி தாமதமாகத்தான் கிடைக்கிறது. அதனால் அண்ணன் தம்பிகள் கடினமான இடங்களைச் சகோதரிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். சால்ட் வீட்டு அலமாரிக்குள் புகுந்து படித்த ஒரு பெண், தன் பெயர் இல்லாத புத்தகத்தின் முன்னுரையில் இதை எழுதுகிறார்.

இரண்டு வருஷம் கழித்து வந்த 'மிஸஸ் லெஸ்டர்ஸ் ஸ்கூல்' அதைவிட நல்ல புத்தகம். ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சிறுமிகள் ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொல்கிறாள். பத்துக் கதைகளில் ஏழு மேரியுடையவை. முதல் கதையின் சிறுமி எலிசபெத் வில்லியர்ஸ், பாதிரியாரின் மகள். தாய் இறந்துவிட்டாள். அப்பா தினமும் மகளைக் கல்லறைக்கு அழைத்துப்போய், கல்லில் செதுக்கிய தாயின் பெயரில்தான் எழுத்துக் கூட்டப் பழக்குகிறார். தாய் பெயரும் மகள் பெயரும் ஒன்றே. கடற்படையிலிருந்து வெகுநாள் கழித்துத் திரும்பும் மாமாவுக்குத் தங்கை இறந்த செய்தி தெரியாது. 'அம்மாவிடம் கூட்டிப்போ' என்கிறார். குழந்தை நேராகக் கல்லறைக்குக் கூட்டிப்போகிறது. அதற்குத் தெரிந்த அம்மா அங்கேதான் இருக்கிறாள். தாயைத் தன் கையால் கொன்ற மகள் எழுதிய கதை இது என்பதை அன்று வாசித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கண்ணீர் சிந்தவைக்கும் ஜோடனை கதையில் கிடையாது. குழந்தைக்குக் கல்லறை பயமில்லாத இடம், எழுத்துப் பழகுகிற இடம். மாமா உடைந்து அழும்போது அது புரியாமல் பார்க்கிறது.

1815-ல் பெண்கள் பத்திரிகை ஒன்றில் 'செம்ப்ரோனியா' என்ற புனைபெயரில் தையல் வேலை பற்றி மேரி ஒரு கட்டுரை எழுதினார். தானே பதினோரு வருஷம் ஊசியால் பிழைத்ததைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். வசதியான வீட்டுப் பெண்கள் காசு மிச்சம் என்று வீட்டிலேயே தைக்கிறார்கள்; அந்தத் தையலைக் கூலிக்குக் கொடுத்தால், வேறு தொழிலுக்கு வழியில்லாத பெண்களுக்குப் பிழைப்பாகும், வசதியான வீட்டுப் பெண்களுக்கும் படிக்க நேரம் கிடைக்கும் என்பது வாதம். ஊசி பிடித்த கை எழுதிய பொருளாதாரம்! சார்லஸின் கட்டுரைகளைப் புகழ்கிறவர்களில் இதைப் படித்தவர் குறைவு.

சார்லஸின் புகழ் தாமதமாக வந்தது. நாடகம் எழுதிப் பார்த்தார். 1806 டிசம்பரில் ட்ரூரி லேனில் அவருடைய கேலி நாடகத்துக்கு ரசிகர்கள் சீழ்க்கையடித்தார்கள், ஆசிரியரும் எழுந்து சேர்ந்து அடித்தார். 1820 ஆகஸ்டில்தான், 45 வயதில், 'லண்டன் மேகஸின்' இதழில் எலியா என்ற பெயரில் முதல் கட்டுரை வந்தது. எலியா பழைய அலுவலகத் தோழர் ஒருவரின் பெயர். கட்டுரைகளில் அக்கா 'பிரிட்ஜெட்' ஆனார், ஒன்றுவிட்ட சகோதரியாக மாறினார். அவருக்குப் புத்தகத்தில் எது பிடிக்கும், வாதத்தில் எப்படிப் பிடிவாதம் பிடிப்பார், பழைய பீங்கானைப் பார்த்து வறுமைக் காலத்துச் சந்தோஷங்களை எப்படி நினைத்துக்கொள்வார் என்றெல்லாம் எழுதுகிறார். 'ஓல்டு சைனா' கட்டுரையில் பாதிக்கு மேல் பேசுவது பிரிட்ஜெட்தான்.

'ட்ரீம் சில்ட்ரன்' கட்டுரையைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். எலியா தன் இரண்டு குழந்தைகளை உட்கார்த்திவைத்துப் பாட்டியின் கதையைச் சொல்கிறார். சொல்லச் சொல்லக் குழந்தைகள் மங்கி மறைகிறார்கள். கனவு. அவர் தன் கட்டைப் பிரம்மச்சாரி நாற்காலியில் விழிக்கிறார். இதை எழுதியபோது அண்ணன் ஜான் இறந்து சில மாதமே ஆகியிருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1819-ல், நடிகை ஃபேனி கெல்லியிடம் கல்யாணம் பேசிக் கடிதம் எழுதி, அன்றே மறுப்பும் பெற்றிருந்தார். அதனால் இதைக் கைகூடாத வாழ்வின் ஒப்பாரியாகவே வகுப்பில் நடத்துகிறார்கள். விழித்ததும் அவர் முதலில் பார்ப்பது யாரை? பக்கத்தில் எப்போதும்போல பிரிட்ஜெட். குழந்தைகள் போய்விட்டார்கள், அண்ணன் போய்விட்டார், இவர் இருக்கிறார். அந்த வரியை இழப்புக் கணக்கிலா வரவுக் கணக்கிலா எழுதுவது? நான் வரவில் எழுதுவேன்.

1825 மார்ச்சில் கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வூதியம் வருஷத்துக்கு 450 பவுண்ட். அதில் 9 பவுண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தனக்குப் பின்னால் மேரி உயிரோடு இருந்தால் அவருக்கும் பணம் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. கடைசியில் 1833-ல், மேரிக்கு நோய் அடிக்கடி வந்தபோது, எட்மண்டனில் மனநோயாளிகளைப் பராமரித்த ஒரு தம்பதியின் வீட்டுக்கே தானும் குடிபோனார். பிரிந்திருக்க வேண்டாம் என்று. 1834 ஜூலையில் கோல்ரிட்ஜ் இறந்தார். டிசம்பரில் சார்லஸ் நடைபோனபோது தடுக்கி விழுந்து முகத்தில் சிராய்ப்பு. அது விஷமாகி 27-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். மேரி இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். அந்த 9 பவுண்ட் வேலை செய்தது.

1837-ல் நண்பர் டால்ஃபர்ட் சார்லஸின் கடிதங்களைப் பதிப்பித்தபோது 1796-ன் சம்பவத்தை வெளியே விடவில்லை. மேரி உயிரோடு இருந்தார் அல்லவா? 1847 மே மாதம் அவர் இறந்தபின், மறு வருஷம் வந்த இரண்டாம் நூலில்தான் முழுதும் சொன்னார். விக்டோரியா காலத்து வாசகர்கள் உருகிப்போனார்கள். நாவலாசிரியர் தாக்கரே, லாமின் கடிதம் ஒன்றை நெற்றியில் ஒற்றிக்கொண்டு 'புனித சார்லஸ்' என்றாராம். தியாகத் தம்பி, சுமையான அக்கா என்ற சித்திரத்துக்கு வயது அன்றிலிருந்துதான். சார்லஸ் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கோல்ரிட்ஜ் தன் கவிதையில் அவரை மென்மையான உள்ளம் படைத்தவர் என்று எழுதியதற்கே, இப்படி அச்சில் என்னைக் கேலிப்பொருளாக்காதே, வேண்டுமானால் குடிகாரன் என்று எழுது என்கிற தோரணையில் சண்டைக்குப் போனவர் அவர்.

இனி லாமைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சிபாரிசு. எலியாவிலிருந்து தொடங்க வேண்டாம், அந்த நடை முதலில் கொஞ்சம் சுற்றிவளைக்கும். எலிசபெத் வில்லியர்ஸின் கதையை முதலில் படியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு தையல் கட்டுரை, அதன் பிறகு 'ஓல்டு சைனா'. எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். முன்வரிசையில் ஐயா அப்போதே கையைத் தூக்கிவிட்டார்.